மின்சாரக் காருக்கு மரக்குதிரைத் தலை எதற்கு?

சில மாதங்களுக்கு முன்பு, மும்பையில் நான் பணிபுரியும் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் தம் மகளுடன் வந்திருந்தார். பல ஆண்டுகளாக நம்மிடம் கணக்கு வைத்திருப்பவர், தமிழர், மென்பொருள் நிறுவனமொன்றில் உயர் பொறுப்பில் இருப்பவர். மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க விரும்புவதாகவும், அதற்கான கடன் குறித்துப் பேச வந்திருப்பதாகவும் கூறினார். விலை விவரத்தை எடுத்து வைப்பதற்கு முன்பே கைப்பேசியில் காரின் படத்தைக் காட்டினார். இரண்டே இருக்கைகள், தரையோடு தாழ்ந்த உடல், வெகு நீளமான முன்பகுதி. "எப்படி சார் இருக்கிறது?" என்று கேட்டார். "மிக அழகாக இருக்கிறது" என்றேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் அதுவரை பேசாமல் அமர்ந்திருந்தாள். "அங்கிள், இதில் இன்ஜினே கிடையாதாம். பிறகு எதற்கு இவ்வளவு நீளமான மூக்கு?" என்று கேட்டாள். தந்தை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால், என்னிடம் விடை இல்லை.

நான் வணிகவியல் படித்தவன், பொறியியல் அறியாதவன். எனினும், கணக்குப் பதிவியலில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடத்தை அந்தச் சிறுமி வேறு சொற்களில் கேட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. ஏட்டில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு சான்றுச்சீட்டு இருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம். சீட்டு இல்லாத பதிவைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். காரின் உடலில் உள்ள ஒவ்வொரு கோடும் ஒரு பதிவுதான். பெட்ரோல் கார்களின் காலத்தில் பெரும்பாலான கோடுகளுக்குச் சீட்டு இருந்தது. மின்சாரக் கார் வந்ததும் அச்சீட்டுகளில் பல செல்லாதவை ஆகிவிட்டன. கோடுகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதே இன்றைய வடிவமைப்பாளர்கள் முன் உள்ள கேள்வி. அதற்கான விலையைக் கடன் வாங்கிச் செலுத்துபவர் வாடிக்கையாளர் என்பதால், அது நம்முடைய கேள்வியும் ஆகிறது. இங்கு நான் கூறுவன என் சொந்தக் கருத்துகளே. வங்கியின் நிலைப்பாடு அன்று.

நீண்ட மூக்கின் பழைய கணக்கு

1961-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தின் இ-டைப் கார் அறிமுகமானது. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இன்றும் பலர் மனத்தில் எழும் வடிவம் அதுவே. அதன் உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர்; காற்றின் போக்கைக் கணக்கிட்டுக் கோடு வரைந்தவர். அந்தக் காரின் பானெட் நீண்டு கிடந்ததற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. அதன் அடியில் 3.8 லிட்டர் கொள்ளளவு கொண்ட இன்ஜின், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சிலிண்டர்களுடன் படுத்திருந்தது. அந்த மூக்கின் சான்றுச்சீட்டு அதுதான்.

பிற உறுப்புகளும் அவ்வாறே. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அந்த வெப்பத்தைப் போக்க ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். காற்று நுழைய முன்புறத்தில் ஒரு வாய் வேண்டும். நாம் கிரில் என்று அழைக்கும் வலைமுகம் அப்படிப் பிறந்தது. எரிந்த புகை வெளியேறப் பின்புறத்தில் குழாய்கள் வந்தன. 1966-இல் வெளிவந்த லம்போர்கினி மியூரா, இன்ஜினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தது. உடனே ஓட்டுநர் முன்னே நகர்ந்தார். இன்ஜின் மூச்சுவிடப் பக்கவாட்டில் திறப்புகள் தோன்றின. இன்ஜின் எங்கே இருக்கிறது என்பதைக் காரின் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அழகு என்று நாம் பழகிக்கொண்டதில் பாதி, இயந்திரத்தின் தேவை எழுதிய எழுத்து.

மின்சாரக் காரில் இவை எவையும் இல்லை. மோட்டார், ஒரு பயணப்பெட்டிக்குள் அடங்கிவிடக் கூடியது. புகை இல்லை, ஆகவே குழாய் இல்லை. பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கக் காற்று தேவைதான். ஆனால், பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டிய அளவுக்கு அன்று. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடிக்கொள்ளும் சிறு திறப்புகள் போதும். வடிவமைப்பாளரின் கையில் கிடைத்திருப்பது ஏறக்குறைய ஒரு வெற்றுத்தாள்.

1899 தந்த இரண்டு விடைகள்

வெற்றுத்தாளின் முன் மனிதர்கள் திகைத்து நிற்பது இது முதல்முறை அன்று. 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், பாரிசுக்கு அருகில் உள்ள அஷேர் என்னும் இடத்தில், பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த கமீல் ஜெனாட்ஸி என்பவர் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டியைச் செலுத்தினார். சாலையில் ஓடும் வாகனமொன்று 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தது அதுவே முதல்முறை. அது பெட்ரோல் வண்டி அன்று, மின்சார வண்டி. பிரெஞ்சு மொழியில் அதற்கு அவர் இட்ட பெயர் 'ஒருபோதும் நிறைவுறாதவள்' என்று பொருள்படும்.

அந்த வண்டியின் படம் வேடிக்கையானது. உடல், கடலில் பாயும் டார்பிடோ குண்டைப்போல் இருமுனையும் கூர்ந்த ஒரு நீள்குழல். இலேசான உலோகக் கலவையால் ஆனது. காற்றைக் கிழித்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே வரையப்பட்ட வடிவம். ஆனால், சக்கரங்களும் அச்சுகளும் அடியில் அப்பட்டமாகத் தெரிகின்றன. ஓட்டுநரோ அந்தக் குழலின் மேல், மார்பு முழுவதும் காற்றில் மோத, நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். பாதி புரிந்துகொண்ட பாடம் அது. ஆயினும், மின்சார வண்டிக்குரிய வடிவத்தைக் குதிரை வண்டியிடம் கேட்காமல் காற்றிடம் கேட்க வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜெனாட்ஸி.

அதே 1899-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த யூரியா ஸ்மித் வேறொரு யோசனையை முன்வைத்தார். குதிரையில்லா வண்டியின் முன்புறத்தில் மரத்தால் செய்த குதிரைத் தலை ஒன்றைப் பொருத்திவிடலாம் என்பதே அது. சாலையில் எதிரே வரும் உயிருள்ள குதிரைகள் புதிய வண்டியைக் கண்டு மிரளாமல் இருக்கும் என்பது அவர் கூறிய காரணம்.

இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், நியாயமாகப் பார்த்தால் அந்த மரத்தலைக்கும் ஒரு சான்றுச்சீட்டு இருந்தது. மிரளும் குதிரைகள் அன்று உண்மையிலேயே இருந்தன. இன்றைய மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களில் காணப்படும் போலி வலைமுகங்களும் வெற்றுத் திறப்புகளும் யாரை மிரளாமல் வைத்திருப்பதற்காக? எண்ணிப் பார்த்தால், மிரளக்கூடிய குதிரைகள் இப்போது வாங்குபவர்களாகிய நாம்தாம்.

காற்று எழுதும் கணக்கு

ஜெனாட்ஸியின் வழியை முதலில் பார்ப்போம். காரின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்வதற்கான திறன் எட்டு மடங்கு வேண்டியிருக்கிறது. ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு எளிதாக வழுக்கிச் செல்கிறது என்பதைக் காற்றெதிர்ப்புக் கெழு என்னும் எண்ணால் குறிப்பிடுவர். எண் சிறிதாக ஆக, வடிவம் காற்றோடு இணங்கிச் செல்கிறது என்று பொருள்.

இதை மின்கட்டண மொழியிலேயே சொல்லிவிடலாம். முகப்பின் பரப்பு ஒரே அளவான, ஏறத்தாழ 2.3 சதுர மீட்டர் கொண்ட இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கெழு 0.22, மற்றதன் கெழு 0.30. இரண்டும் 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டர் தொலைவு செல்கின்றன. காற்றைப் பிளப்பதற்கு மட்டும் முதல் கார் சுமார் 6.5 யூனிட் மின்சாரத்தையும், இரண்டாவது சுமார் 8.9 யூனிட்டையும் செலவிடும். டயர்களின் உராய்வையும் சேர்த்து, இரண்டு டன் எடையுள்ள காருக்குக் கணக்கிட்டால், 80 யூனிட் கொள்ளும் பேட்டரியில் ஏட்டளவில் 100 கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு வருகிறது. பெட்ரோல் காரில் இன்ஜினே பெரும்பகுதி ஆற்றலை வெப்பமாக வீணாக்குவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. மின்மோட்டார் சிக்கனமானது, எனவே, உடலின் வடிவம் செய்யும் ஊதாரித்தனம் உடனே வெளிப்பட்டுவிடுகிறது.

2019-இல் வெளிவந்த போர்ஷ் டைக்கான் காரின் டர்போ வகைக்கு அந்நிறுவனம் அறிவித்த கெழு 0.22. அதன் பின்பகுதி ஏன் அவ்வளவு மெதுவாகச் சரிகிறது, முன்புற இறக்கைகள் ஏன் பானெட்டைவிட உயர்ந்து நிற்கின்றன, அடிப்பகுதி ஏன் மூடப்பட்டிருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். சில கோடுகள் காற்றுக்காக. சில, 1963 முதல் அந்நிறுவனம் செய்துவரும் 911 காரின் நினைவுக்காக. நினைவும் தேவையும் இங்கே முரண்படவில்லை.

டைக்கானில் என்னை மிகவும் கவர்ந்தது வெளியே தெரியாத ஒரு செய்தி. மின்சாரக் காரின் பேட்டரி வழக்கமாகத் தரைத்தளம் முழுவதும் மெத்தைபோல் விரிக்கப்படுகிறது. அதன்மேல் இருக்கை, இருக்கையின்மேல் மனிதர், அவர் தலைக்கு மேல் கூரை என்று அடுக்கும்போது கார் உயர்ந்துவிடுகிறது. தாழ்ந்திருக்க வேண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது பெருந்தடை. போர்ஷ் பொறியாளர்கள் பின்னிருக்கையில் அமர்பவரின் பாதங்கள் வரும் இடத்தில் மட்டும் பேட்டரியை வெட்டிக் குழி விட்டார்கள். கால் தாழ்ந்தது, உடல் தாழ்ந்தது, கூரையும் தாழ்ந்தது. வெளியே நாம் காணும் அழகிய சரிவுக் கோட்டின் சான்றுச்சீட்டு, உள்ளே இரண்டு பாதங்களுக்காக விடப்பட்ட அந்தக் குழியில் இருக்கிறது. நேர்மையான அழகு என்று நான் கருதுவது இதைத்தான்.

குழி வெட்டாமல் உயரத்தை மறைக்கும் தந்திரங்களும் உண்டு. கதவின் கீழ்ப்பகுதிக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் தடித்த உடல் மெலிந்து தோன்றும். சக்கரங்களைப் பெரிதாக்கினால் உயர்ந்த உடல் தாழ்ந்து தோன்றும். ஆண்டின் இறுதி நாளில் இருப்புநிலைக் குறிப்பை மெருகேற்றிக் காட்டும் நிறுவனங்களை நாம் அறிவோம். இதுவும் அந்த வகைதான். பெரிய சக்கரங்கள் ஒருமுறை சார்ஜ் செய்தால் செல்லும் தொலைவைக் குறைக்கும் என்பதையும், பக்கம் மெலிந்த டயர்களுக்கு நம் சாலைக் குழிகள் பகை என்பதையும் விற்பனைப் பிரதிநிதி தாமாகச் சொல்லமாட்டார்.

ஒரே எலும்பு, இரண்டு முகங்கள்

வடிவமைப்பில் தேவை எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று பிரித்தறிய விரும்புவோருக்கு அரியதொரு சோதனை கிடைத்திருக்கிறது. குரோஷியா நாட்டில் மாட்டே ரிமாட்ஸ் என்னும் இளைஞர், இன்ஜின் பழுதான தம் பழைய பி.எம்.டபிள்யூ காரை மின்சாரக் காராக மாற்றியதிலிருந்து தொடங்கி, 2009-இல் ஒரு நிறுவனத்தை நிறுவினார். அதன் நெவேரா என்னும் கார் 2021-இல் வந்தது. 1,914 குதிரைத்திறன் கொண்டது. மணிக்கு 412 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதே மோட்டார்களையும் பேட்டரியையும் அடிப்படையாகக் கொண்டு, இத்தாலியில் உருவாக்கப்பட்ட கார் பட்டிஸ்டா. அதை உருவாக்கிய ஆட்டோமொபிலி பினின்ஃபரினா நிறுவனம் நம் நாட்டின் மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்தது. 1930-இல் டூரின் நகரில் பட்டிஸ்டா ஃபரினா தொடங்கிய புகழ்பெற்ற பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தை 2015-இல் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது மஹிந்திரா. நிறுவனரின் பெயரே காருக்கும் சூட்டப்பட்டது.

எலும்புக்கூடு ஒன்று, முகங்கள் இரண்டு. நெவேராவின் பக்கவாட்டில் காற்று நுழையும் திறப்பு, கழுத்துப்பட்டையின் முடிச்சுபோல் வளைந்திருக்கும். நாம் அலுவலகத்துக்குக் கட்டிச் செல்லும் டையின் மூலம் குரோஷியப் படைவீரர்களின் கழுத்துத் துணி என்பர். அந்த நினைவை வடிவமைப்பாளர் அங்கே வைத்தார். ஆனால், அதை வெறும் ஒட்டுவேலையாக வைக்கவில்லை. உள்ளே உள்ள உறுப்புகளைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் செல்கிறது. பட்டிஸ்டாவோ இத்தாலிய மரபுப்படி மேடுபள்ளங்களைக் குறைத்து, நீரில் தேய்ந்த கூழாங்கல்போல் மழமழவென்று நிற்கிறது. இரண்டும் நேர்மையானவை, இரண்டும் வெவ்வேறானவை. தேவையை மதித்தால் எல்லாக் கார்களும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்று அஞ்சுவோருக்கு இந்த இணையே விடை.

2019-இல் காட்டப்பட்ட லோட்டஸ் எவியா இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் பின்புறத்தைப் பார்த்தால் உடலில் இரண்டு பெரிய துளைகள் தெரியும். முன்னிருந்து வரும் காற்று உடலைச் சுற்றிச் செல்லாமல் உடலின் ஊடாகவே சென்று அத்துளைகள் வழியே வெளியேறுகிறது. இன்ஜின் இல்லாததால் கிடைத்த இடத்தைக் காற்றுக்குத் தந்துவிட்டார்கள். பழைய கார் எதைப் பார்த்தும் வரைந்திருக்க முடியாத வடிவம் அது.

இன்றைய மரத்தலைகள்

இனி யூரியா ஸ்மித்தின் வழித்தோன்றல்களைப் பார்ப்போம். 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் முகத்தில், வலைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் பளபளக்கும் கறுப்புத் தகடு ஒன்று இருந்தது. அதன் வழியாகக் காற்று செல்லவில்லை. 2016-இல் நிறுவனமே அதை நீக்கிவிட்டது. நீக்கிய பிறகும் அதை எவரும் கார் அன்று என்று சொல்லவில்லை. மிரள்வோம் என்று எண்ணியிருந்தார்கள், நாம் மிரளவில்லை.

அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் தன் சார்ஜர் டேட்டோனா மின்சாரக் காரில் இரண்டு வேலைகளைச் செய்திருக்கிறது. ஒன்று, பாராட்டுக்குரியது. 1960-களின் சார்ஜர் காருக்கு அகன்ற, மழுங்கிய முகம் உண்டு. காற்றுக்கு ஒவ்வாத முகம். அந்த முகத்தின் சாயலைக் காக்க வேண்டும், காற்றையும் தடுக்கக்கூடாது என்பதற்காக, முன்விளிம்பை ஓர் இறக்கையாக்கி, அதன் அடியில் காற்று புகுந்து பானெட்டின் மேலே வெளியேற வழிவிட்டார்கள். பழைய முகத்துக்குப் புதிய சான்றுச்சீட்டு தயாரித்துக்கொடுத்தது போன்ற திறமை இது. மற்றொன்று, இன்ஜினின் உறுமலைச் செயற்கையாக எழுப்பி வெளியே அனுப்பும் ஒலிக்கருவி. நடந்து செல்வோரை எச்சரிக்க மெல்லிய ஒலி வேண்டும் என்பது வேறு. இல்லாத இன்ஜினுக்காக உறுமுவது வேறு. இரண்டாவது மரக்குதிரைத் தலைதான், கனைக்கவும் செய்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைப்பது ஜாகுவாரின் கதை. 2008-இல் அதை டாடா மோட்டார்ஸ் நிறுவனம் வாங்கியது. ஆகவே, இந்தியப் பங்குதாரர் பலரின் கதையும்கூட. 2017-இல் அந்நிறுவனம் தன் பழைய இ-டைப் காரை மின்சாரக் காராக மாற்றிக் காட்டியது. அதன் பேட்டரியை, பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினின் அளவிலும் ஏறத்தாழ அதன் எடையிலும் செய்து, இன்ஜின் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். நீண்ட மூக்கு தன் சான்றுச்சீட்டை மீண்டும் பெற்றது. 2018-இல் வந்த ஐ-பேஸ் என்னும் குடும்பக் காரிலோ, இன்ஜின் இல்லையென்றால் மூக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்து, பயணிகள் அறையை முன்னே நகர்த்தினார்கள். உள்ளே இடம் பெருகியது. 2019-இல் உலகின் சிறந்த கார் வடிவமைப்புக்கான விருதும் கிடைத்தது.

பிறகு, 2024 டிசம்பரில் மயாமி நகரில் டைப் 00 என்னும் மாதிரிக் கார் காட்டப்பட்டது. மிக நீண்ட பானெட் திரும்பி வந்திருந்தது. பின்புறத்தில் கண்ணாடியே இல்லை. உலகெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. துணிவான வடிவம் என்பதை மறுக்கமாட்டேன். கண்ணைக் கட்டிப்போடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனாலும், தணிக்கையாளரின் கேள்வி நிற்கிறது. 1961-இல் அந்த நீளம் ஓர் இன்ஜினின் நீளம். 2024-இல் அது எதன் நீளம்? கௌரவத்தின் நீளம் என்பதே நான் காணும் விடை. அதற்கும் சந்தையில் விலை உண்டு. விலை கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பட்டுப்புடவைக்கு எந்தச் சீட்டு?

இக்கருத்தை என் கிளையில் ஒரு நாள் மதிய உணவின்போது சொன்னேன். இளம் அதிகாரி ஒருவர் உடனே மறுத்தார். "சார், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கல்யாணப் பட்டுப்புடவைக்கும் சான்றுச்சீட்டு கேட்பீர்கள் போலிருக்கிறதே! சரிகை உடலைக் காக்கிறதா, குளிரைத் தடுக்கிறதா? அழகுக்காக மட்டும் ஒன்று இருக்கக்கூடாதா?"

நல்ல கேள்வி, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அலங்காரம் குற்றமன்று. சரிகை அழகுக்காகத்தான் இருக்கிறது, அழகுக்காகவே வாங்குகிறோம். ஆனால், போலிச் சரிகையை அசல் சரிகை என்று விற்றால் ஏற்போமா? நம் கோயில் தேர்களின் முன்னால் மரக்குதிரைகள் பாய்ந்து நிற்கின்றன. அவை தேரை இழுப்பதாக எந்தக் குழந்தையும் ஏமாறுவதில்லை. வடம் பிடித்து இழுப்பவர்கள் கண்முன்னே இருக்கிறார்கள். அந்தக் குதிரைகள் அலங்காரம் என்று ஊரறிய நிற்பவை. காற்று நுழையாத வலைமுகம் அப்படி நிற்பதில்லை. தன்னை மூச்சுவிடும் வாய் என்று நடிக்கிறது. என் மறுப்பு அலங்காரத்தின்மேல் அன்று, நடிப்பின்மேல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மரபு என்பது சொத்து. கணக்கியலில் அதற்கு நற்பெயர் என்று பெயர். எனினும், அங்கும் ஒரு விதி உண்டு. தான் தானாகவே வளர்த்துக்கொண்ட நற்பெயரை ஒரு நிறுவனம் தன் ஏட்டில் சொத்தாக எழுதிக்கொள்ள முடியாது. விலை கொடுத்து வாங்கியதையே எழுதலாம். கார் உலகிலும் அப்படியே. 911-இன் சரிவுக் கோட்டை டைக்கானுக்குத் தந்தபோது, பேட்டரியில் குழி வெட்டி, கூரையைத் தாழ்த்தி, பொறியியல் உழைப்பால் அதற்கு விலை கொடுத்தார்கள். அதனால் அந்த நற்பெயர் செல்லும். உழைப்பின்றி ஒட்டவைக்கும் மரபுச் சின்னம் வெறும் எழுத்துப் பதிவு.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் நம் வாடிக்கையாளரில் மிகச் சிலரே. ஏனையோருக்கு இதனால் என்ன பயன் என்று தோன்றலாம். விலையுயர்ந்த கார்களில் தோன்றும் கோடுகள் சில ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பத்தின் கார்களுக்கு இறங்கி வருகின்றன. கதவோடு மடங்கிக்கொள்ளும் கைப்பிடிகள் அதற்கு எடுத்துக்காட்டு. மாடல் எஸ் காரால் புகழ்பெற்ற அந்தக் கைப்பிடி, இன்று இந்தியத் தயாரிப்புகளிலும் வந்துவிட்டது. அது காற்றெதிர்ப்பைக் குறைப்பது மிகச் சிறிதளவே. விபத்தில் மின்னிணைப்பு அறுந்தால், வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியுமா என்ற கவலையோ பெரிது. சீன அரசு 2025-இல் இதற்கான கட்டுப்பாட்டு விதிகளின் வரைவை வெளியிட்டது. ஒரு சிறு கோட்டின் பின்னால் உயிர்களின் கணக்கும் இருக்கக்கூடும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். 2025 ஜூலையில் எம்.ஜி. சைபர்ஸ்டர் என்னும் இரண்டிருக்கை மின்சார ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் 74.99 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. இத்தகைய காருக்காக ஒருவர் 60 லட்சம் ரூபாய் கடனை 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுகளுக்கு வாங்குவதாக ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 96,500 ரூபாய். முடிவில் செலுத்தியிருக்கும் தொகை 81 லட்சத்துக்கு மேல். வட்டி மட்டும் 21 லட்சம். வடிவம் கண்ணைக் கவர்வது ஒரு நொடி; தவணை தொடர்வது 84 மாதங்கள்.

ஆகவே, காட்சியறையில் காரைச் சுற்றி வரும்போது சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். இந்தத் திறப்பு வழியாகக் காற்று உண்மையில் செல்கிறதா? பெரிய சக்கரங்களுக்குப் பதிலாகச் சிறியவற்றைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும்? காரின் அகலம் முழுவதும் ஓடும் இந்த விளக்குப்பட்டை உடைந்தால் மாற்ற என்ன செலவு? மின்சாரம் இல்லாதபோது கதவு எவ்வாறு திறக்கும்? விற்பனைப் பிரதிநிதி சொல்லும் விடைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகையும் மறுவிற்பனை மதிப்பும் இந்த விடைகளைச் சார்ந்தவை.

படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டுவதிலும் நிதானம் வேண்டும். 2017 நவம்பரில் டெஸ்லா தன் இரண்டாம் தலைமுறை ரோட்ஸ்டர் காரைக் காட்டியபோது, 50,000 டாலர் முன்பதிவுத் தொகையாகக் கேட்டது. 2020-இல் கார் வரும் என்றது. 2025-ஆம் ஆண்டு முடிந்தும் வாடிக்கையாளர் எவர் கைக்கும் கார் வந்து சேரவில்லை. அழகிய வடிவம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைப் பிணையமாக ஏற்கும் வங்கி எங்கும் இல்லை.

மின்சாரக் காரின் வெளித்தோற்றத்தில் முழு உண்மை பேசும் உறுப்பு ஒன்று நம் நாட்டில் உண்டு. அதைச் சட்டமே தந்திருக்கிறது: பச்சை நிற எண்பலகை. அதன் விலை அற்பம். அதில் நடிப்பு இல்லை. இது எந்த வகை வண்டி என்பதை ஊருக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. வடிவமைப்பாளர்களும் அந்தத் துணிவைப் பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த வாடிக்கையாளர் இரண்டு வாரங்களுக்குப் பின் ஆவணங்களுடன் மீண்டும் வந்தார். மகளும் வந்திருந்தாள். இம்முறை என்னிடம் விடை இருந்தது. "அந்த மூக்கில் ஒரு பங்கு, மோதினால் நசுங்கி உங்களைக் காப்பாற்றுவதற்காக. ஒரு பங்கு காற்றுக்காக. மிச்சமெல்லாம் உன் அப்பாவுக்காக" என்றேன். அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. "அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் சார் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அவர் தெரிந்தே போட்ட கையெழுத்து அது. அதன்மேல் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.